வேலியடியில் முட்டை, கிணற்றின் மேல் கூடு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் தோட்டத்துக் கிணறுகளின் மேல் காற்றில் ஆடும் குருவிக் கூடுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ‘கூட்டைப் பறிப்பதும் சட்டப்படி குற்றம்தான்’ என்று அதில் ஒரு வாக்கியத்தைப் போகிற போக்கில் சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சிலர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் தென்னையில் பத்துப் பதினைந்து தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குகின்றன. மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக இரண்டைப் பறித்துக் கொடுத்தேன். நிலம் எங்களுடையது, மரம் எங்களுடையது, குருவியை நான் தொடக்கூட இல்லை. இதில் குற்றம் எங்கிருந்து வந்தது?

பதில்: ‘வேட்டை’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளிலிருந்து வந்தது. வேட்டை என்றால் துப்பாக்கியும் கண்ணியும்தான் நம் நினைவுக்கு வரும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, தனது 2(16)ஆம் பிரிவில், கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது ஆகியவற்றோடு, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், அவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. சட்டத்தின் இறுதியில் உயிரினங்களைப் பட்டியலிடும் அட்டவணைகளில் உள்ளவற்றை வேட்டையாடக் கூடாது என்கிறது 9ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கூட்டைப் பறித்தவரும் துப்பாக்கி பிடித்தவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.

நிலம் யாருடையது என்பது இங்கே கணக்கில் வராது. ‘காட்டுப் பறவை’ என்றால் காட்டுக்குள் இருக்கும் பறவை என்று பலர் எண்ணுகிறார்கள்; அது சரியன்று. யாரும் வளர்க்காமல் தானாக வாழும் பறவை என்பதே அதன் பொருள். பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் தென்னங்கீற்றில் தொங்கும் குருவிக்கு அந்தப் பட்டாவோடு சம்பந்தம் கிடையாது.

‘கூடு காலியாகத்தான் இருந்தது’ என்று நீங்கள் அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் நான் உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண். கீற்று நுனியில் முடிச்சுப் போட்டு, தலைக்கவசத்தைக் கவிழ்த்ததுபோலப் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டு, அதன் உட்புறத்தில் ஈரக் களிமண்ணை அப்பி வைத்துக்கொண்டு, சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதிக் கூடும் நீண்ட குழாய் வாயிலும் உருவாகும். ஆகவே கீழே நின்று பார்ப்பவருக்குக் கைவிடப்பட்டதுபோல் தோன்றும் அரைக்கூடு, உண்மையில் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும் இடமாக இருக்கக்கூடும். குருவி விட்டுப்போன பழைய கூட்டையும் சில்லைகள் வந்து எடுத்துக்கொள்வதுண்டு. காலியா இல்லையா என்பதைத் தரையில் நின்றுகொண்டு நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரண்டு கூடுகளுக்காக அதிகாரிகள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் கேட்டது சட்டம், அதற்குப் பதில் இதுதான். கண்காட்சிக்குக் கூடு வேண்டுமென்றால், மழைக்காலம் முடிந்தபின் காற்றுக்குக் கீற்றோடு உதிர்ந்து கிணற்றோரம் கிடப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவே போதுமான அளவுக்கு விழும்.

கேள்வி (காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி): நிலக்கடலை விதைத்த மறுநாளே மயில்கள் வந்து கிளறிவிடுகின்றன. தக்காளியைக் கொத்திப் போட்டுவிட்டுப் போகின்றன. போன மாதம் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியடியில் ஒரே இடத்தில் ஐந்து மயில் முட்டைகள் கிடந்தன. உடைத்துவிடலாம் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர், கோழிக்கு அடைவைக்கலாம் என்றாள் என் தாயார். நான் இரண்டையும் செய்யவில்லை. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் நட்டத்துக்கு என்னதான் வழி?

பதில்: இரண்டையும் செய்யாமல் விட்டீர்களே, முதலில் அதற்கு நன்றி. தாயார் சொன்னது கருணையால் சொன்னது என்றாலும், சட்டத்தின் பார்வையில் முட்டையை எடுத்து அடைவைப்பதும் உடைப்பதும் ஒரே பிரிவின் கீழ்தான் வரும்.

1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அதிலுள்ள உயிரினத்தை வேட்டையாடியது நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத்தண்டனை உண்டு. அதோடு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘முதல் தடவை, தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்லி அதற்குக் கீழே இறங்குவது எளிதன்று. தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வைத்து மயில்களைக் கொன்ற வழக்குகள் நம் பக்கத்திலேயே பதிவாகியிருக்கின்றன. அப்படி வைக்கப்படும் நஞ்சைத் தின்பது மயில் மட்டுமன்று. அடுத்தவர் கோழி, நாய், கௌதாரி எல்லாம் தின்னும்.

‘பயிரைத் தின்னும் விலங்கைச் சுட அனுமதி வாங்கலாமே’ என்று அடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். 11ஆம் பிரிவில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது. இரண்டாம் அட்டவணையில் உள்ள உயிரினம் மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், காரணங்களை எழுத்தில் பதிந்து அனுமதி தரலாம். முதல் அட்டவணைக்குப் பயிர்ச் சேதம் ஒரு காரணமாகச் சேர்க்கப்படவில்லை. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீளமுடியாத நோய், ஊனம் ஆகியவை மட்டுமே காரணமாகலாம். மயில் முதல் அட்டவணையில் இருக்கும்வரை, கடலைக்காக மயிலைச் சுட எந்த அலுவலரும் கையெழுத்திட முடியாது.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னிமலையிலும் சிவன்மலையிலும் முருகனைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பும் அதே மனிதர், மறுநாள் காலையில் விதைநேர்த்தி செய்த கடலை வரிசை வரிசையாகக் கிளறப்பட்டிருப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். முட்டையைத் தின்னும் குறுநரி குறைந்தது, தரிசாகப் போட்ட காடுகளில் வேலிக்கருவை மண்டியது என்று ஊர்ப் பெரியவர்கள் காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஒரு பறவையைக் காக்கும் பொறுப்பு நாட்டுக்கு என்றால், அதன் தீனிச் செலவை ஒரு சிலர் மட்டும் ஏற்க வேண்டும் என்பது சரியாகப் படவில்லை என்பதை இந்தப் பத்தியில் முன்னரும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வழக்கை அரசிடம் வாதாட வேண்டும், முட்டையிடம் வாதாட முடியாது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. விதைத்த நாள் முதல் முளை நாலு இலை விடும்வரைதான் கடலைக்குப் பெரிய ஆபத்து. அந்த நாட்களில் மட்டும் பழைய சேலைகளை இரண்டடி உயரத்துக்கு வேலிபோலக் கட்டுவதும், பளபளக்கும் நாடாவை முறுக்கி இழுத்துக் கட்டுவதும், காலையிலும் மாலையிலும் ஆள் நடமாடுவதும் நம் பக்கத்தில் பலரும் செய்து பலன் கண்டவை. ஒரே பொருளை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் மயில் அதைப் பழகிக்கொள்ளும் என்பதால் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று வாங்கி வையுங்கள். நாளை யாராவது கணக்குக் கேட்டால், மனுக் கொடுத்தவர்களின் நட்டம்தான் கணக்கில் இருக்கும்.

வேலியடியிலுள்ள முட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மயில் ஏறக்குறைய 28 நாட்கள் அடைகாக்கும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக ஆடுமாடு மேய விட்டிருக்கும் கொறங்காட்டில், தரையில் முட்டையிடும் பறவைகள் எல்லாம் வேலியடியைத்தான் தேடி வரும். அந்த ஒரு மூலையில் அந்த நாட்களில் மட்டும் வேலி கழிப்பதைத் தள்ளி வைத்தால் போதும்.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு வாசகி): என் பேரனுக்காக ஒருவரிடம் பச்சைக்கிளி வாங்கிக் கூண்டில் வளர்க்கிறோம். பிள்ளைபோல் பேசுகிறது. இதுவும் தவறு என்கிறார்களே?

பதில்: தவறுதான் அம்மா. இந்திய நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1990–91 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட நம் பச்சைக்கிளியும் அதில் அடக்கம். விற்றவரோடு வாங்கியவரும் பொறுப்பாளி, ஏனென்றால் சட்டம் வைத்திருப்பதையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் கிளி பெரும்பாலும் பனை மரப் பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டிருக்கும். அப்படி எடுப்பவர்கள் பொந்தின் வாயை வெட்டி அகலப்படுத்திவிடுவதால், அடுத்த ஆண்டு அந்தப் பொந்து எந்தக் கிளிக்கும் ஆந்தைக்கும் உதவாமல் போகிறது.

மனம் மாறிக் கூண்டைத் திறந்துவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கையால் ஊட்டி வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பருந்துக்குப் பயப்படவும் தெரியாது. வன அலுவலகத்தில் நேரில் ஒப்படைப்பதே முறை. ‘லவ் பேர்ட்ஸ்’ எனப்படும் சிறு கிளிகள் வெளிநாட்டு இனங்கள். அவற்றுக்கு விதிகள் வேறு.

கேள்வி (தாராபுரம்): கண்ணி வைத்துப் பிடித்த கௌதாரியைச் சிலர் கொண்டுவந்து விற்கிறார்கள். காடை மட்டும் கடையில் பகிரங்கமாகக் கிடைக்கிறதே, கௌதாரிக்கு மட்டும் ஏன் தடை?

பதில்: கடையில் கிடைப்பது பண்ணையில் பொரித்து வளர்க்கும் ஜப்பானியக் காடை. காட்டில் ஓடும் காடைக்கும் கௌதாரிக்கும் தடை ஒன்றே. வாங்கிச் சமைப்பவரும் வழக்கில் சேர்க்கப்படுவார்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): சாலை விரிவாக்கத்துக்காகப் புளிய மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டில் கொக்கும் மடையானும் கூடு கட்டிக் குஞ்சு வைத்திருக்கின்றன. மரம் வெட்ட அனுமதி வாங்கிவிட்டோம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அனுமதி இருந்தால் முடிந்ததா?

பதில்: முடியவில்லை. மரத்தை வெட்ட அனுமதி வேறு, கூட்டைக் கலைக்க அனுமதி வேறு. பொது இடத்து மரங்களை வெட்டுவது பற்றிய விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு பரிசீலிக்கிறது. மரத்தின் வயது, சுற்றளவு, மாற்றாக நட வேண்டிய கன்றுகள் ஆகியவை தாளில் இருக்கும். ஆனால் கோப்பு நகர்ந்த நாளில் அந்த மரத்தில் கூடு இருந்திருக்காது. வெட்டும் நாளில் இருக்கிறது. அந்த இடைவெளிதான் சிக்கல்.

எங்கள் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் நடந்தது. காலை ஏழு மணிக்கு ரம்பம் வைத்தார்கள், ஒன்பது மணிக்குச் சாலையெல்லாம் குஞ்சுகள். தார் மேல் விழுந்தவற்றில் சில உயிரோடு கழுத்தை நீட்டி நீட்டி வாயைத் திறந்துகொண்டிருந்தன. வேலையை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் கேட்டபோது, ‘எழுதிக் கொடுங்கள்’ என்றார்கள். எழுதிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மரம் லாரியில் ஏறிவிட்டது. அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்: எண் போட்ட அன்றே எழுதுங்கள்.

மனுவில் மரத்தின் மேல் எழுதியிருக்கும் எண், இடம், கூடுகளின் எண்ணிக்கை, தெரிந்தால் பறவையின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தேதியோடு எடுத்த படங்களை இணைத்து, மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். சாலையே வேண்டாம் என்று கேட்காதீர்கள். அந்தக் கோரிக்கை வேறு மேசைக்குப் போய்விடும். குஞ்சுகள் பறந்து போகும்வரை இந்த இரண்டு மரங்களை மட்டும் தள்ளி வைக்குமாறு கேளுங்கள். ஒப்பந்தக்காரருக்கும் அது எளிது, வேறு மரங்களை முதலில் வெட்டிக்கொள்வார்.

கேள்வி (ஊத்துக்குளி): திருப்பூர்ப் பக்கத்து நஞ்சராயன் குளம் சரணாலயமாகிவிட்டது, ராம்சார் எனப்படும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இதனால் குளத்துக்கு என்ன கிடைத்தது?

பதில்: குளத்துக்குள் பொருந்தும் விதிகள் கூடின. சாதாரணக் குளத்தில் பறவைக்கு மட்டுமே பாதுகாப்பு. சரணாலயத்தில் அதன் வாழிடத்துக்கும் பாதுகாப்பு. நீர்வரத்தைத் திருப்புவது, வாழிடத்தைச் சேதப்படுத்துவது ஆகியவற்றை 29ஆம் பிரிவும், வன உயிரினங்களுக்குத் தீங்கு தரும் இரசாயனங்களையும் வெடிபொருட்களையும் பயன்படுத்துவதை 32ஆம் பிரிவும் தடுக்கின்றன. 2022இல் பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளம், 2024 ஆகஸ்டில் ராம்சார் தகுதி பெற்றது. ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு சரணாலயத்துக்கு அந்தத் தகுதி 2022இலேயே கிடைத்துவிட்டது. ராம்சார் என்பது பன்னாட்டு உடன்படிக்கை, அதற்கென்று தண்டனைப் பிரிவு கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள நீர்நிலைகளுக்கு, வன உயிரினச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகள் நீங்கலாக, நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பொருந்தும். குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, ஆக்கிரமிப்பது ஆகியவற்றை அவை தடை செய்கின்றன. நல்லாற்றின் வழியே வரும் தண்ணீரை நம்பியிருக்கும் நம் குளத்துக்கு, சரணாலயமானதால் கிடைத்த அந்த 29, 32ஆம் பிரிவுகள்தான் மிகவும் வேண்டியவை என்பது என் எண்ணம். கரையில் நின்று பறவையைப் பார்க்கும் நாம் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துப் புகார் எழுத வேண்டும்.

சட்டம் சொல்லாமலேயே நடப்பதும் உண்டு. வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி (அவிநாசி): மோட்டார் ரூம் சுவிட்ச் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு வைத்துவிட்டது. மின் கோளாறு வந்தால் என்ன செய்வது? அதுபோலவே, உழவுக்குத் தயாரான காட்டில் ஆள்காட்டிப் பறவை முட்டையிட்டிருக்கிறது.

பதில்: சிட்டுக்குருவி அடைகாத்து, குஞ்சு பறந்து போக ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை மோட்டாரைப் போடும்போது ஒரு குச்சியால் பெட்டியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். குஞ்சு போனபின் கூட்டை எடுத்துவிட்டு, கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்து, பக்கத்துச் சுவரில் ஒரு மண்கலயமோ மரப்பெட்டியோ மாட்டிவிட்டால் அடுத்த முறை அங்கே போகும். தீப்பற்றும் அளவுக்கு ஆபத்து என்றால் மட்டும் வன அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவர்கள் சொற்படி செய்யுங்கள்.

ஆள்காட்டி முட்டைக்கு வழி இன்னும் எளிது. பெரும்பாலும் நாலு முட்டை, மண்ணின் நிறத்திலேயே, வெறும் கூழாங்கற்களுக்கு நடுவே கிடக்கும். இரண்டு முழம் தள்ளி ஒரு குச்சியை நட்டு, டிராக்டர் ஓட்டுபவரிடம் காட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் விட்டு உழச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் அந்தப் பறவை வாய்க்காலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையின் மேல் உட்காருவதை, வரப்பில் அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் நீங்களே பார்க்கலாம். இழப்பு நாலு சால் உழவுதான்.

கேள்வி (பல்லடம்): காகத்துக்கும் பாதுகாப்பு உண்டா?

பதில்: முன்பு காகத்தை எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சேர்த்து, தீங்குயிரிகளுக்கான ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டுவிட்டது. அமாவாசைக்குச் சோறு வைத்து அழைக்கும் பறவையைச் சட்டம் மட்டும் ஐம்பது ஆண்டுகள் எலியோடு உட்கார வைத்திருந்தது.

கேள்வி (சென்னிமலை): எங்கள் காட்டில் மின்கம்பி பட்டு ஒரு மயில் செத்துக் கிடந்தது. புதைத்துவிட்டோம், தோகையில் சில இறகுகளை வீட்டில் வைத்திருக்கிறோம். தவறில்லையே?

பதில்: புதைத்திருக்கக் கூடாது. 39ஆம் பிரிவின்படி செத்த மயிலும் அரசின் சொத்து. அது யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் புதைத்தால், நஞ்சு வைத்தது யார் என்ற கேள்வி உங்கள் பக்கமே திரும்பும். இப்போதாவது வனச்சரகரிடம் போய் நடந்ததைச் சொல்லி, இறகுகளையும் கொடுத்துவிடுங்கள்.

தானாக உதிர்ந்த மயிலிறகை வீட்டில் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. செத்த பறவையிலிருந்து எடுத்தது அந்த விலக்கில் சேராது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதானே என்று நினைக்கலாம். உதிர்ந்த இறகின் காம்பு நுனி காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கிய இறகின் நுனியில் இரத்தமோ சதையோ ஒட்டியிருக்கும். பரிசோதனைக் கூடத்தில் முதலில் அந்த நுனியைத்தான் பார்ப்பார்கள்.